மெல்லிய கம்பி, பெரிய கணினி

(உயர்திறன் கணிமைக்கான லினக்ஸ் தொடக்கப் பட்டறையை முன்னிட்டு யாழ்ப்பாணத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சூப்பர் கொம்பியூட்டர் பற்றிய பேச்சு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் சிலர் இருப்பீர்கள். ஏமாற்றத்தை ஆரம்பத்திலேயே தந்துவிடுகிறேன். அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசப்போகிறேன். அதன் முன்னால் முதல் தடவை வந்து உட்காரும் பிள்ளைக்கு என்ன ஆயத்தம் வேண்டும், கற்றுக்கொடுக்கிறவருக்கு என்ன ஆயத்தம் வேண்டும் என்பதுதான் விஷயம். பல்கலைக்கழகங்கள் இயந்திரம் வாங்கக் காசு தேடுகின்றன, அறை கட்டுகின்றன, குளிரூட்டி பூட்டுகின்றன, நாடா வெட்டுகின்றன. பாவிக்கத் தெரிந்த ஆட்களை உருவாக்கும் வேலை மட்டும் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. அந்தக் கடைசி மாதத்து வேலையைத்தான் நான் முதல் வேலை என்கிறேன்.

அளவை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உள்ள புரொன்டியர் என்ற கணினி 2022 ஜூனில் உலகின் அதிவேகக் கணினிகளின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஒன்றுக்குப் பின்னால் 18 பூச்சியம் போடுங்கள். விநாடிக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலான கணக்குகள். பட்டியலுக்கான சோதனை ஓட்டத்தில் அது இழுத்த மின்சாரம் ஏறத்தாழ 21 மெகாவாட். எங்கள் சுன்னாகத்து உத்துரு ஜனனி மின்நிலையத்தின் திறன் 24 மெகாவாட். அந்த ஒரு கணினியை இங்கே கொண்டுவந்து பூட்டினால் நாங்கள் எல்லோரும் மறுபடியும் மண்ணெண்ணெய் விளக்குக்குத்தான் போக வேண்டும். அது எங்களில் பலருக்குத் தெரிந்த வாழ்க்கைதான் என்றாலும், திரும்பிப் போக விருப்பமில்லை.

எட்டக்கூடிய அளவிலும் கணினி இருக்கிறது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25ஆம் திகதி 'பரம் பொருள்' என்ற கணினி திறக்கப்பட்டது. திறன் 838 டெராபுளொப்ஸ். விநாடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் கழகம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர், கொழும்பு 300. இதை அரசியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், புவியியலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓக் ரிட்ஜானாலும் திருச்சியானாலும் உள்ளே ஓடுவது லினக்ஸ். 2017 நவம்பரில் வெளியான பட்டியலில் இருந்து, உலகின் முதல் 500 கணினிகளில் லினக்ஸ் இல்லாத கணினி ஒன்றுகூட இல்லை. 1991 ஓகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் பொழுதுபோக்காகச் செய்கிறேன் என்று அறிவித்த ஒன்று இப்படி ஆகிப்போனது. ஆகவே பட்டறையில் "ஏன் சேர், விண்டோஸில் செய்ய ஏலாதா?" என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. அந்த வீட்டின் மொழி அது. விருந்துக்குப் போகிறவர் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மௌஸுக்கு வேலையில்லை. பிள்ளைகள் இதைக் கண்டு மிரளுகிறார்கள். பழைய காலத்து வசதிக்குறைவு என்று நினைக்கிறார்கள். பழைய காலத்துச் சாமான்தான், சந்தேகமில்லை. யுனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தபோது அதோடு பேசிய கருவி டெலிடைப், தாளில் அடித்துத் தரும் தட்டச்சுப் பொறி. அதன் மொடல் 33 விநாடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்த மனிதர்கள் கட்டளைகளைச் சுருக்கினார்கள்: பட்டியல் காட்ட எல்எஸ், பிரதி எடுக்க சிபி, நகர்த்த எம்வி. வேலை நன்றாக முடிந்தால் இயந்திரம் ஒன்றும் சொல்லாது. பிழை என்றால்தான் வாய் திறக்கும். விநாடிக்குப் பத்து எழுத்து என்ற காலத்தில் "வெற்றிகரமாக முடிந்தது, நன்றி" என்று அடிப்பதற்கு மூன்று விநாடி வீணாகும் அல்லவா.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். நெடுந்தீவில் இருந்து வருகிற பிள்ளை, வடமராட்சி கிழக்கில் இருந்து வருகிற பிள்ளை, கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் மடிக்கணினியைத் தொடுத்துக்கொண்டு இருக்கிற பிள்ளை. காணொளிப் பாடம் அவர்களுக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்எச் மூலம் தூரக் கணினிக்குள் நுழைந்தால், ஓர் எழுத்தைத் தட்டும்போது போய்வருவது சில நூறு பைட்டுகள்தான். இரண்டு கோடு சிக்னலில் ஓடும். திருநெல்வேலி வளாகத்தில் இருக்கும் கணினியைக் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் மாணவரும் விவசாய மாணவரும் ஏ9 வீதியில் பஸ் ஏறாமலே பாவிக்கலாம். மெல்லிய கம்பிக்காகவே செய்யப்பட்ட கருவியை மெல்லிய கம்பி உள்ள ஊர் வேண்டாம் என்று சொல்வது எனக்கு விளங்குவதில்லை.

மின்சாரமும் அப்படித்தான். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டு மேசையில் ஓடும் கணக்கு கரண்ட் போனால் போயிற்று. கிளஸ்டரில், அதாவது பல கணினிகளைக் கோர்த்த தொகுதியில், வரிசைக்குக் கொடுத்த வேலை உங்கள் வீட்டுக் கரண்டைப் பார்த்துக்கொண்டிருக்காது. நீங்கள் படுத்து எழும்பி வந்து பார்த்தால் விடை கோப்பில் கிடக்கும். நேரடியாக உள்ளே நுழைந்து வேலை செய்கிறவர்களுக்கு டிமக்ஸ் என்ற சிறு நிரல் இருக்கிறது: இணைப்பு அறுந்தாலும் உங்கள் அமர்வு அந்தப் பக்கத்தில் விட்ட இடத்திலேயே நிற்கும். பெரிய கோப்புகளை அனுப்ப ஆர்சிங்க். பாதியில் அறுந்த பிரதியைத் தொடர்ந்து எடுக்க அதனிடம் சொல்லிவைக்கலாம். வெளிநாட்டுப் பாடத்திட்டங்களில் இந்த இரண்டையும் கடைசியில், நேரம் மிஞ்சினால் சொல்லுவார்கள். எங்கள் பட்டறையில் இவை முதல் நாள் காலையிலேயே வர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இனி ஆயத்தம். ஒரு பட்டறை கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் மணித்தியாலத்தில். பாடம் கடினம் என்பதால் கெடுவதில்லை. கணக்குத் திறந்திருக்காது, வைபை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போதாது, நிரல் நிறுவ வேண்டும் என்று முப்பது பேர் ஒரே கோப்பைத் தரவிறக்குவார்கள். ஆகவே நான் வைக்கும் முதல் விதி: பட்டறை நாளில் எவரும் எதையும் நிறுவக் கூடாது. லினக்ஸை மடிக்கணினியில் போடுவது நல்ல விஷயம், வேறொரு சனிக்கிழமை செய்யலாம். 2018க்குப் பிந்தைய விண்டோஸ் 10இலும் அதற்குப் பிறகு வந்த 11இலும் எஸ்எஸ்எச் ஏற்கெனவே இருக்கிறது. பவர்ஷெல்லைத் திறந்து தட்டினால் போதும். மேக்கில் எப்போதோ இருக்கிறது. கணக்குகளை ஒரு கிழமைக்கு முன்னால் திறந்து, ஒவ்வொருவரும் வீட்டில் இருந்து ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்துவிட்டேன் என்று தகவல் அனுப்ப வேண்டும். அனுப்பாதவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பாடக்குறிப்பு முழுவதும் பென் டிரைவிலும் இருக்க வேண்டும்.

அந்த முதல் நுழைவில் என்ன நடக்கும் என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். பிள்ளை கட்டளையைத் தட்டுகிறது. "இந்தக் கணினியை எனக்குத் தெரியாது, தொடரவா?" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி, கூடவே புரியாத எழுத்துக்கோவை. அது கணினியின் கைரேகை. முதல் தடவை மட்டும் கேட்கும். சரியான கைரேகையை அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து, ஓம் என்று முழுச் சொல்லாகத் தட்டலாம். அடுத்தது கடவுச்சொல். தட்டத் தட்டத் திரையில் ஒன்றும் தோன்றாது. புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை. "சேர், கீபோர்ட் பழுது" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். பழுதில்லை, எத்தனை எழுத்து என்பதையும் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். இதை முன்கூட்டிச் சொன்னால் அரை நிமிடம். சொல்லாவிட்டால் அறை முழுக்கக் குழப்பம். எங்களுக்கென்றே இன்னொன்றும் இருக்கிறது: முதல் நாள் இரவு தமிழில் முகநூல் எழுதிவிட்டு விசைப்பலகையைத் தமிழிலேயே விட்டுவிட்டு வருவார்கள். கட்டளை தமிழ் எழுத்தாக விழும், கணினி அப்படி ஒரு கட்டளை இல்லை என்னும். கடவுச்சொல்லில் இது நடந்தால் கண்ணுக்கே தெரியாது.

உதவிக்கு ஆள் வேண்டும். 1998இல் லொஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய 'சொப்ட்வெயார் கார்பென்ட்ரி' என்ற பயிற்சி மரபில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிற ஒட்டுத்தாள் கொடுப்பார்கள். வேலை முடிந்தால் ஒரு நிறத்தை மடிக்கணினியின் முதுகில் ஒட்ட வேண்டும், சிக்கிக்கொண்டால் மற்ற நிறம். கை உயர்த்தக் கூச்சப்படும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. கார்பென்ட்ரியின் பாடங்கள் பெயர் குறிப்பிட்டு யாரும் மாற்றிப் பாவிக்கலாம் என்ற உரிமத்தில் கிடைக்கின்றன. அப்படியே எடுக்கலாம். எடுக்காமல் உதாரணங்களை மாற்றுவதுதான் நல்லது என்பேன்.

எங்களிடம் கிணறு இருக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மாரிமழைத் தண்ணீர் உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது, அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் தோட்டத்துக்கு இறைக்கிறோம். சுன்னாகம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என்று நான்கு நிலத்தடி நீர்ப்படுகைகளாகப் பிரித்துப் பேசுவார்கள். எவ்வளவு இறைத்தால் உப்பு மேலே ஏறும், உரத்து நைத்திரேற்று எந்தப் பக்கம் நகரும் என்பதைக் கணிக்க நிலத்தடி நீர் மாதிரிகள் உண்டு. அவை பெரிய கணினி கேட்கும் கணக்குகள். முதல் பட்டறையில் அதைச் செய்ய முடியாது. ஆனால் கிணற்றுக்கு ஒரு கோப்பாக, மாதத்துக்கு ஒரு அளவீடாக, பயிற்சிக்கென்று நாங்களே புனைந்த நாற்பது கோப்புகளைக் கொடுக்கலாம். கட், சோர்ட், டெயில் என்ற மூன்று சிறிய கட்டளைகளைக் குழாய்க்குறியால் கோர்த்தால் எந்தக் கிணறு மிக உவர் என்று ஒரே வரியில் வந்துவிடும். அங்கேயும் ஒரு பொறி வைத்திருக்கிறார்கள்: சோர்ட்டிடம் இவை எண்கள் என்று சொல்லாவிட்டால் அகராதிபோல அடுக்கும். 1000 முன்னால் போகும், 900 பின்னால் நிற்கும். நிலாவரைக் கிணற்றுக்காரர் தங்கள் தண்ணீருக்கு நற்சான்று கிடைத்ததாகச் சந்தோஷப்படக்கூடும். பிள்ளைகள் அந்தப் பிழையான விடையைப் பார்த்து, எங்கேயோ இடிக்கிறது என்று தாங்களே கண்டுபிடிக்கும் வரை ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. திரையில் எண் வந்துவிட்டது என்பதற்காக அது விடையாகிவிடாது என்பதைப் பிறகு எந்த விரிவுரையிலும் சொல்ல வேண்டியிராது.

தமிழ்த்துறைப் பிள்ளைகளும் வர வேண்டும். அவர்களுக்கு ஒரு பயிற்சி: "அம்மா" என்று எழுதி, வரி முடிவு சேராமல், டபிள்யூசி என்ற எண்ணும் கட்டளையிடம் கொடுங்கள். பைட் கணக்கு 15 என்னும். குறியீடுகளை எண்ணச் சொன்னால் 5 என்னும். தொல்காப்பியரைக் கேட்டால் மூன்று எழுத்து. மூன்றும் சரி. அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடு. யூரிஎப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். இது விளங்காமல் தமிழ்த் தரவை எண்ணுகிற ஆய்வு எதையும் நான் நம்ப மாட்டேன். பாமினி எழுத்துருவில் கிடக்கும் எங்கள் பழைய கோப்புகளை இதே திரையில் திறந்து பாருங்கள்: தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவ்வளவு காலமும் அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டிருந்தது. திரை முகமூடியைக் கழற்றிவிட்டது. ஒருங்குறிக்கு மாற்றாமல் மேலே போக முடியாது. கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள் என்றுதான் சொல்வேன். தமிழ்ப் பெயரை லினக்ஸ் ஏற்கும். பல முனையத் திரைகளில் கொம்பும் காலும் சுட்டியைத் தடம்புரள வைக்கும். தமிழ்ப்பற்றாளர்கள் மன்னிக்க வேண்டும்.

தமிழ்த்துறைப் பிள்ளைகளுக்குப் பெரிய கணினி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் எங்கள் நூல்களும் பத்திரிகைகளும் படங்களாகக் குவிந்திருக்கின்றன. ஒரு பக்கத்தைப் படித்து எழுத்தாக மாற்ற டெசராக்ட் போன்ற கட்டற்ற நிரல்கள் உண்டு, தமிழுக்கும் வேலை செய்யும். ஒரு பக்கத்தின் வேலை அடுத்த பக்கத்தை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஆகவே நூறு செயலிக் கருவுக்கு நூறு பக்கமாகப் பிரித்துக் கொடுக்கலாம். இணைக்கணிமையில் இதைவிட இலகுவான வேலை கிடையாது. 1981இல் பொது நூலகம் எரிந்த ஊரின் பிள்ளைகளுக்கு இது ஏன் செய்ய வேண்டிய வேலை என்று நான் விளக்கப்போவதில்லை.

வேலையை எப்படிக் கொடுப்பது? உள்ளே நுழைந்தவுடன் நிற்கும் இடம் லொகின் நோட், வாசல் திண்ணை. அங்கே கோப்பு திருத்தலாம், வேலையைக் கொடுக்கலாம். கணக்கு ஓட்டக் கூடாது. ஓட்டினால் திண்ணையில் இருக்கும் எல்லோருக்கும் மூச்சு முட்டும், நிர்வாகி வந்து நிறுத்துவார். கணக்கு ஓடுவது உள்ளே. அங்கே யாரை எப்போது விடுவது என்று பார்ப்பது பெரும்பாலும் ஸ்லர்ம் என்ற கட்டற்ற நிரல். வேலையைக் கொடுக்க எஸ்பாட்ச், வரிசையைப் பார்க்க எஸ்கியூ, வேண்டாம் என்றால் எஸ்கான்சல். இதை எங்கள் ஆட்களுக்கு விளக்க ஒரு நிமிடம் போதும். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது நினைவிருக்கும். வாகனத்துக்கு ஒரு பங்கு, கிழமைக்கு இவ்வளவு. ஸ்லர்மும் உங்கள் பெயரில் கணக்கு வைத்திருக்கும்; போன கிழமை நிறையக் குடித்தவர் இந்தக் கிழமை கொஞ்சம் பின்னால் நிற்பார். ஆனால் எரிபொருள் வரிசையில் இல்லாத ஒரு நியாயம் இங்கே உண்டு. பெரிய வேலை ஒன்று போதிய கருக்கள் காலியாகும் வரை காத்திருக்கும்போது, நடுவே இருபது நிமிட இடைவெளி கிடைத்தால், "எனக்குப் பத்து நிமிடம் போதும்" என்று சொன்ன சின்ன வேலையை முன்னால் விட்டுவிடும். பெரியவருக்கும் தாமதம் வராது. ஆகவே எத்தனை கரு, எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் என்பதை உண்மையாகக் கேட்கப் பழக்க வேண்டும். பயத்தில் மூன்று நாள் கேட்கிற பிள்ளை பின்னால் நிற்கும். குறைத்துக் கேட்டால் நேரம் முடிந்ததும் வேலையைப் பாதியில் கொன்றுவிடும்.

வேலைக் கோப்பை விண்டோஸ் நோட்பாடில் எழுதி அனுப்புகிறவர்களுக்கு ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. டொஸ் வரிமுறிப்பு இருக்கிறது என்று ஸ்லர்ம் கோப்பைத் திருப்பி அனுப்பும். கண்ணால் பார்த்தால் கோப்பில் ஒரு குறையும் தெரியாது. டெலிடைப்பில் புது வரிக்குப் போக இரண்டு வேலை இருந்தது: அடிக்கும் தலையை இடப்பக்க ஓரத்துக்குக் கொண்டுவருவது, தாளை ஒரு வரி உருட்டுவது. விண்டோஸ் இன்றும் இரண்டு குறியீட்டையும் எழுதுகிறது. லினக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. அந்த மிஞ்சிய குறியீடுதான் உங்கள் வேலையை மறிக்கிறது. டொஸ்-டு-யுனிக்ஸ் என்ற கட்டளை அதைத் துடைத்துவிடும். கோப்புகளைக் கிளஸ்டரிலேயே நானோ திருத்தியில் எழுதினால் இந்தச் சில்லெடுப்பே இல்லை. விம் என்ற திருத்தியைக் கற்றுக்கொடுக்க ஆசைப்படும் நண்பர்கள் அதை அடுத்த பட்டறைக்கு வைத்துக்கொள்ளட்டும். வெளியே வரத் தெரியாமல் மடிக்கணினியை மூடியவர்கள் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. ஆர்எம் என்று அழித்தது அழிந்ததுதான், குப்பைத்தொட்டி கிடையாது. சூடோ என்று இணையக் குறிப்பில் கண்டதைத் தட்டினால், உமக்கு அதிகாரமில்லை, இச்சம்பவம் அறிவிக்கப்படும் என்று பல இடங்களில் பதில் வரும். பொலிஸ் வராது. பொதுக் கணினியில் நிர்வாகி உரிமை உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

பெரிய கணினி இல்லாவிட்டால் பட்டறை நடத்த முடியாதா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். 1994இல் நாசாவின் கொடார்ட் மையத்தில் தோமஸ் ஸ்டேர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 கணினிகளைச் சாதாரண ஈதர்நெட் கம்பியால் கோர்த்து, லினக்ஸ் போட்டு, பெயோவுல்ப் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய கிளஸ்டர்கள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். பத்து வருடத்தில், 2004இல், சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 144 இரட்டைச் செயலிக் கணினிகளைக் கோர்த்துக் கட்டிய கப்ரு, உலக 500 பட்டியலில் இடம்பிடித்தது. ஆய்வுகூடத்தில் இருந்து கழித்து ஒதுக்கிய நான்கு கணினியும் ஒரு சுவிட்சும் டெபியன் லினக்ஸும் ஸ்லர்மும் இருந்தால் பயிற்சிக் கிளஸ்டர் தயார். வேகம் இருக்காது; வேகம் அங்கே தேவையும் இல்லை. கட்டளைகள் திருச்சியில் ஓடும் அதே கட்டளைகள், வரிசை அதே வரிசை. முதல் பட்டறைக்கு உண்மையான பெரிய கணினியைவிட இதையே நான் விரும்புகிறேன். பிள்ளைகள் உடைத்தால் மாலையில் திருப்பிப் பூட்டலாம்; ஒரு பேராசிரியரின் மூன்று நாள் கணக்கு நடுவழியில் சாகாது.

மொழி பற்றி ஒரே வார்த்தை. கட்டளை ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில் இருக்கட்டும். பிழைச்செய்திகளைச் சத்தமாக வாசித்து, என்ன சொல்கிறது என்று தமிழில் கேளுங்கள். உயர்தரத்தில் கணிதம் முழுவதையும் தமிழில் படித்த பிள்ளைகள் இவர்கள். 2012 முதல் கணியம் இதழ் லினக்ஸை எளிய தமிழில் எழுதிவருகிறது. பட்டறைக்கு முன் வாசிக்க அதிலிருந்து பக்கங்களைக் கொடுக்கலாம்.

பட்டறைக்குப் பெயர் கொடுத்தவர்கள் செய்ய வேண்டியது: வருகிற கிழமைக்குள் கணக்கு விவரம் உங்கள் கைக்கு வரும். அன்றைக்கே உள்ளே நுழைந்து, கடவுச்சொல்லை மாற்றி, வெளியே வந்து தகவல் அனுப்புங்கள். வரும்போது உங்கள் சொந்தத் தரவு ஏதாவது ஒன்றைக் கொண்டுவாருங்கள்: மழை அளவோ, மண் பரிசோதனையோ, ஸ்கேன் செய்த பழைய மலரோ. நோயாளர் விவரம் மட்டும் வேண்டாம். மடிக்கணினி இல்லாதவர்கள் கூச்சப்படாமல் வரவேற்பு மேசையில் பெயரைச் சொல்லுங்கள், ஆய்வுகூடக் கணினி ஒதுக்குகிறோம். சார்ஜரை மறக்க வேண்டாம். இந்த மண்டபத்தில் பிளக் பொயிண்ட் குறைவு, நீட்டுக் கம்பி இருப்பவர்கள் அதையும் கொண்டுவாருங்கள்.